கண்டெடுத்த குரல்

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அகோசிட்டா வைனிக்கோலோ ஓட்டாஹூஹூ புறநகரில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். கறுப்பு உடை. இடுப்பில், தீவு வழக்கப்படி துக்கத்துக்குக் கட்டிய பாய். கையில் துணியால் மூடிய பாத்திரம். தம்பி சதேக்கி இறந்து பத்து மாதம் ஆகிறது. வருஷம் திரும்பும்வரை அந்தப் பாயை அவிழ்ப்பதாக அவளுக்கு எண்ணமில்லை. தேவாலயத்தில் மற்ற பெண்கள் ஆறாம் மாதமே அவிழ்த்துவிடுகிறார்கள். மற்றவர்கள் செய்வதை எல்லாம் வைனிக்கோலோ குடும்பம் செய்வதில்லை.

தம்பி மகள் லூப்பே தன் முதல் தனிக் கண்காட்சியை வைத்திருந்தாள். படம் வரைகிறவள் இல்லை அவள். ஒரு அறையையே எடுத்துக்கொண்டு, அதற்குள் பொருள்களையும் ஒளியையும் சத்தத்தையும் அடுக்கி, அந்த அறைதான் என் படைப்பு என்பவள். அகோசிட்டாவுக்கு அது பிடிபடவில்லை. ஆனால் போகாமல் இருக்க முடியாது. தகப்பனின் அக்காள் வந்து நிற்காத காரியம் காரியமே இல்லை.

கலைக்கூடம் ஒரு பழைய இறைச்சிக் கிடங்கு. ஒரு காலத்தில் உரித்த ஆடுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்த கட்டடம். கிடங்கை மூடியபின் பல வருஷம் சும்மா கிடந்தது. இப்போது கலைஞர்கள் சிலர் ஒன்றுகூடி, லாபம் எதுவும் பார்க்காமல் நடத்துகிறார்கள். கண்ணாடிக் கதவில் லூப்பேயின் பெயர் வெள்ளை எழுத்தில் ஒட்டியிருந்தது. அகோசிட்டா நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். வைனிக்கோலோ. ஒரு எழுத்தும் பிசகவில்லை. அவள் முதுகு இன்னும் ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

உள்ளே மேசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் உட்கார்ந்திருந்தார். பெயர் கிரஹாம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாரம் நான்கு நாள் சம்பளமில்லாமல் வந்து காவல் இருக்கிறவர்.

"வாங்க மேடம். செருப்பைக் கழட்டிடுங்க. எங்க காலத்துல செருப்பு இல்லாட்டி உள்ள விடமாட்டான். இப்ப செருப்போட விடமாட்டேங்கறான்."

"நான் லூப்பேயோட அத்தை."

"அப்படியா! அப்ப உங்களுக்கு டிக்கெட் வேண்டாம்." ஒரு நிமிஷம் விட்டுச் சொன்னார்: "யாருக்குமே டிக்கெட் கிடையாது. அது வேற கதை."

அவள் சிரிக்கவில்லை. பாத்திரத்தை அவர் மேசைமேல் வைத்தாள். "சேம்பு இலையில வச்சு வேகவச்ச கறி. பிள்ளைக்குக் கொண்டாந்தேன். நீங்களும் சாப்பிடுங்க. ஆனா முதல்ல அவளுக்கு."

அறை வாசலில், சுவரில் ஒரு சின்ன அட்டை. இந்த மாதிரி இடங்களில் படைப்பு எதனால் ஆனது என்று அட்டையில் எழுதி வைப்பார்கள். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

'பாய்கள். பன்னிரண்டு ஒலிபெருக்கிகள். கண்டெடுத்த குரல். பதினொரு நிமிடம், தொடர் சுழற்சி.'

"கண்டெடுத்த குரலா? யார் தொலைச்சது?" என்றாள்.

"அது கலைக்காரங்க பாஷை மேடம்," என்றார் கிரஹாம். "தானா கிடைச்சதை அப்படித்தான் போடுவாங்க. போன மாசம் ஒருத்தன் என் சைக்கிளையே கண்டெடுக்கப் பார்த்தான்."

அவள் கனத்த கதவைத் தள்ளினாள்.

கண் கூசும் வெள்ளை. ஜன்னல் இல்லை. நான்கு சுவரும் கூரையும் வெள்ளை, விளக்குகளும் வெள்ளை. நடுவில் ஒரு ஆள் நீளத்துக்குப் பாய்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. எதிர்ச் சுவரில் இன்னொரு வாசல். உள்ளே கால் வைத்ததும் குளிர் பாதத்தில் ஏறியது.

பாய் சரசரத்தது.

உட்கார்ந்திருந்த யாரோ எழுந்திருக்கும் சத்தம். ஒரு முழங்கால் சொடுக்கியது. பிறகு வெறுங்கால்கள், அவசரப்படாமல், எதிர் வாசல் வழியாக வெளியே போயின.

அறையில் யாரும் இல்லை.

அகோசிட்டா அசையாமல் நின்றாள். அந்த எழுந்து போதல் அவளுக்குத் தெரியும். அக்காள் உள்ளே வந்தால் தம்பி அந்த அறையில் இருக்கமாட்டான். அவர்கள் தீவில் அதுதான் மரியாதை. சதேக்கி எழுபது வயதிலும் அதை விட்டதில்லை. நீரிழிவில் கால் வீங்கிக் கிடந்தபோதுகூட, அவள் குரல் வாசலில் கேட்டதும் கையை ஊன்றி எழுந்து, முழங்கால் சொடுக்க, பின்பக்கமாகப் போய்விடுவான்.

'வேறு யாராவது பார்க்க வந்தவர்களாக இருக்கும்' என்று சொல்லிக்கொண்டாள்.

அப்போது ஒலிபெருக்கிகள் பேசத் தொடங்கின.

"எழுந்திருப்பா, சதேக்கி. தலைமாட்டுல உன் அக்கா உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை பேசு. ஒரே ஒரு வார்த்தை..."

அது அவளுடைய குரல்.

சடலத்தின் தலைமாடு அக்காளுக்கு உரிய இடம். அங்கே உட்கார்ந்து அவள் அழுத அழுகை அது. பாடகர் குழு ஓய்ந்து, மற்றவர்கள் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்த விடியற்காலையில், இறந்தவன் காதுக்கு மட்டும் சொன்னது. சொன்னதும் அது அவனோடு மண்ணுக்குள் போய்விட வேண்டும். ஒருமுறை கூப்பிட்டு, ஒருமுறை அழுது, விட்டுவிட வேண்டும். அதுதான் முறை.

இங்கே அவள் சுற்றிச் சுற்றி அவனை எழுப்பிக்கொண்டிருந்தாள்.

பாதியிலேயே வெளியே வந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது. "இது எத்தனை நாளா ஓடுது?"

"மூணு வாரமா. ஒரு நாளைக்கு முப்பது தடவை," என்றார் கிரஹாம். "எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. ஆனா பாருங்க, வீட்ல பாத்திரம் கழுவும்போது நானே முணுமுணுக்கிறேன்."

"எனக்கு முன்னாடி உள்ள இருந்தது யாரு?"

"காலைலேருந்து நீங்கதான் முதல் ஆள், மேடம்."

லூப்பே உள்ளறையிலிருந்து ஓடி வந்து அத்தையின் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். முப்பத்தொரு வயது. சதேக்கியின் அதே அகன்ற நெற்றி.

"பிடிச்சிருக்கா அத்தை?"

"என் அழுகையை யாரைக் கேட்டு எடுத்த?"

"பாட்டைப் பதிவு பண்ணத்தான் போனை அப்பா தலைமாட்டுல வச்சேன். அணைக்க மறந்துட்டேன். அப்புறம் போட்டுப் பார்த்தா உன் குரல்." அவள் கண்கள் பளபளத்தன. "எனக்கு நம்ம பாஷை பாதிகூடப் புரியாது. நீ பேசறது பழைய பேச்சு வேற. ஆனா அந்தச் சத்தம் இருக்கே... அதுல அப்பா இருக்காரு அத்தை."

"அது அவனுக்குச் சொன்னது. ஊருக்கு இல்ல."

"ஊருக்குத்தான் புரியப் போறதில்லையே! சனிக்கிழமை ஒருத்தர் வராரு, அவருக்கு வேணா புரியும். அப்பாவோட பழைய போட்டோ ஒண்ணுல இருந்தாரு. இதே கிடங்குல ரெண்டு பேரும் ஒண்ணா வேலை பார்த்தாங்களாம். லிசியாத்தேன்னு பேரு. நான்தான் தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டேன்."

அகோசிட்டா மேசையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது யாருக்கும் தெரியாதபடி பிடித்தாள்.

அந்தப் பெயரை அவர்கள் வீட்டில் நாற்பத்தேழு வருஷமாக யாரும் சொன்னதில்லை. அனுமதி முடிந்தும் தங்கிவிட்ட தீவுக்காரர்களைப் பிடிக்க, போலீஸ் விடியற்காலையில் கதவைத் தட்டிய காலம் அது. சதேக்கி கலோலைனே என்ற பெண்மேல் உயிராக இருந்தான். குடும்பப் பெருமை எதுவும் இல்லாதவள். அவளை ஒரு வீட்டுப் பின்கட்டில் ஒளித்து வைத்திருந்தான். அந்த இடம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: சதேக்கி, அவன் உயிர் நண்பன் லிசியாத்தே, அக்காள். ஒரு விடியலில் போலீஸ் வேறு எந்த வீட்டையும் தட்டாமல் நேராக அந்தப் பின்கட்டுக்கே வந்தது. கலோலைனேயை விமானத்தில் ஏற்றியது. அடுத்த வருஷம் அவள் தீவிலேயே இறந்துபோனாள்.

காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லி சதேக்கி நண்பனை ஒதுக்கினான். தேவாலயமும் ஒதுக்கியது. லிசியாத்தே சத்தியம் செய்து பார்த்தார். யார் கேட்டார்கள்?

பத்து மாதத்துக்கு முன், சாவு வீட்டு விடியற்காலையில், தம்பியின் குளிர்ந்த காதருகே, அவள் உண்மையைச் சொன்னாள். எந்த நிமிஷத்தில் சொன்னாள் என்பதுதான் அவளுக்கு நினைவில்லை.

'போன் அதற்கு முன்பே நின்றிருக்கலாம்.' புதன் இரவு முழுவதும் இதையே ஜெபமாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை கலைக்கூடம் திறந்ததுமே வந்துவிட்டாள். கதவைத் தள்ளினாள். பாய் சரசரத்தது. முழங்கால் சொடுக்கியது. வெறுங்கால்கள் எதிர் வாசல் வழியாகப் போயின. இம்முறை அவள் தனக்கு எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ளவில்லை. தம்பி மரியாதை தவறவில்லை என்பதில் அவளுக்கு ஒரு கணம், வெட்கம்கெட்ட ஒரு கணம், பெருமையாகக்கூட இருந்தது.

பாயின் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டாள். இரண்டு நிமிஷம். ஐந்து. ஏழு. அழுகை, பெயர், அழுகை. ஒன்பதாவது நிமிஷத்தில் குரல் தாழ்ந்தது. பன்னிரண்டு பெட்டிகளும் சேர்ந்து அவள் காதருகே குனிந்ததுபோல இருந்தது.

"பத்தொன்பதாம் நம்பர் வீடு. பின்கட்டு அறை. போலீசுக்கு நான்தான் சொன்னேன்டா. உன் சிநேகிதன் இல்ல. நான். அவ நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுதான் சொன்னேன். கேக்குதா? ஒரு வார்த்தை பேசு..."

சுழற்சி முடிந்தது. அடுத்தது தொடங்குமுன் ஒரு நிமிஷ அமைதி.

அமைதிக்குள் ஒரு மணம் வந்தது. தேங்காயெண்ணெய். அதனடியில் ஐஸில் கிடந்த பச்சை இறைச்சி. சதேக்கி வேலை முடிந்து வரும் மணம்.

எதிர் வாசலில் காலடி.

போன கால்கள் திரும்பி வந்தன.

பாயின் கால்மாடு அமுங்கியது. யாரோ உட்கார்ந்தார்கள்.

"சதேக்கி," என்றாள். உதடுதான் அசைந்தது. "நான் இருக்கேன். அக்கா இருக்கேன் உள்ள."

எழுந்திருக்கவில்லை.

பிறந்ததிலிருந்து ஒருநாளும் அவள் எதிரில் உட்காராத தம்பி உட்கார்ந்திருந்தான். பாயின் நடுப்பகுதி அமுங்கியது. பிறகு அதற்கும் இப்பால். மெதுவாக. கையை ஊன்றி, நகர்ந்து, அவள் பக்கமாக.

ஒரு இருமல், முழங்கை தூரத்தில்.

அகோசிட்டா எழுந்தாள். ஓடினாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவள் நடந்த வேகத்தில் இடுப்புப் பாயின் முடிச்சு அவிழ்ந்து பின்னால் இழுபட்டது.

அன்று மதியம் உள்ளறையில் லூப்பேயை நிற்க வைத்துப் பேசினாள்.

"அந்தக் குரலை எடுத்துடு."

"அத்தை, குரல் இல்லாட்டி அங்க வெறும் பாய்தான். என் ஒன்பது மாச வேலை."

"எடுத்துடு."

"ஏன்னு சொல்லேன். நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"திருடினது தப்பில்லையா? அத்தையோட கண்ணீரைத் திருடிட்டு வந்து, வெள்ளைக்காரனுக்குக் கண்டெடுத்தேன்னு எழுதி வச்சிருக்கியே. நான் என்ன ரோட்டுல கிடந்தேனா?"

லூப்பேயின் கண் நிறைந்தது. "கேக்காம எடுத்தது தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா ரொம்ப அன்பா எடுத்தேன் அத்தை."

"உன் அப்பனோட அக்கா சொல்றேன்."

அந்த உரிமையை மறுத்தவர்கள் அந்தக் குடும்பத்தில் இல்லை. லூப்பே நாற்காலியைப் போட்டு ஏறி, பன்னிரண்டு பெட்டிகளின் வயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பதிவையும் அழித்தாள். அட்டையில் 'கண்டெடுத்த குரல்' என்ற வரிமேல் வெள்ளை டேப்பை ஒட்டினாள்.

"நீ எங்கிட்ட எதையோ மறைக்கிற," என்றாள், டேப்பை விரலால் தேய்த்தபடி. "அப்பா இருந்தா உன்னைக் கேட்டிருப்பாரு."

"உன் அப்பன் என்னை ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை."

சொல்லிவிட்டு இடுப்புப் பாயின் முடிச்சை இறுக்கிக் கட்டினாள்.

சனிக்கிழமை. மதியம் ஒரு மணி, நல்ல வெயில். லிசியாத்தே தடியூன்றி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. தனக்கென்று ஒரு பாயை இடுப்பில் கட்டியிருந்தார். எந்தத் துக்கத்துக்கு வரவேண்டாம் என்று அவரை நிறுத்தினார்களோ, அதற்கான பாய். அகோசிட்டா மேசைக்கருகே நின்றாள். எதற்கு வந்தாள்? குரல் போய்விட்டதை உறுதி செய்துகொள்ளத்தான்.

"நல்லா இருக்கியா அக்கா," என்றார் அவர். அவள் தலையை மட்டும் அசைத்தாள். நாற்பத்தேழு வருஷமும் எதிர்ப்பட்டபோதெல்லாம் அப்படித்தான் அசைத்தாள்.

"மாமா, மன்னிச்சிருங்க, சத்தம் இல்ல. வெறும் அறைதான்," என்றாள் லூப்பே.

"பரவால்லம்மா. கொஞ்ச நேரம் அவன் பக்கத்துல உக்காந்துட்டு வரேன். அன்னிக்குத்தான் விடல."

தடியை மேசைமேல் சாத்திவிட்டு உள்ளே போனார். கனத்த கதவு மூடிக்கொண்டது.

ஒரு நிமிஷம். மூன்று. கிரஹாம் பாத்திரத்தைக் கழுவி வந்து அகோசிட்டாவிடம் நீட்டினார். "பிரமாதம் மேடம். அடுத்த கண்காட்சி எப்ப?" பிறகு தலையைச் சாய்த்தார். "லூப்பே, திரும்ப மாட்டிட்டியா என்ன? உள்ள பேச்சுக் குரல் கேக்குதே."

"எல்லா வயரும் வெளியதான் கிடக்கு."

"பெரியவர் தனக்குத்தானே பேசிக்கிறார் போல," என்றார் கிரஹாம். சற்றுக் கழித்து, தாழ்ந்த குரலில்: "இல்லையே. ரெண்டு ஆம்பளைக் குரல்."

யாரும் சிரிக்கவில்லை.

பதினொரு நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. லிசியாத்தேயின் முகம் நனைந்திருந்தது. சட்டையில் தேங்காயெண்ணெய் மணம். நேராக அகோசிட்டாவிடம் வந்து, தடியை எடுத்துக்கொண்டு நின்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"எங்கிட்ட மன்னிப்புக் கேட்டான் அக்கா. அழுதான். சின்னப் பையன்ல எப்படி அழுவானோ அப்படி."

"என்ன சொல்ற நீ? வயசாகி உளர்றியா?"

"எல்லாம் சொன்னான். நம்பரோட சொன்னான்."

லூப்பே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன நம்பர்? அத்தை, என்ன நம்பர்?"

அகோசிட்டா தரையைப் பார்த்தாள். வைனிக்கோலோ குடும்பத்தின் பெயர் கண்ணாடிக் கதவில் வெயில் பட்டு, அவள் காலடியில் நிழலாகத் தலைகீழாக விழுந்து கிடந்தது.

"அப்புறம் உன்னை விசாரிச்சான்," என்றார் லிசியாத்தே. "ஒரு வார்த்தை பேசு, ஒரு வார்த்தை பேசுன்னு அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, பேசணும், ஆனா எங்க போயிட்டாள்னு தெரியலன்னான். பழைய வீட்டுக்குப் போனானாம். நீ போன மாசம் வீடு மாறினது பாவம் அவனுக்குத் தெரியல."

"லிசியாத்தே..."

"சபை வாசல்ல ஒட்டியிருந்த பட்டியல்ல உன் புது விலாசம் பார்த்த ஞாபகம். ஏழாம் நம்பர், பின்பக்கத்து அறைன்னு சொல்லிட்டேன்." அவர் தடியைத் தரையில் ஊன்றினார். "நாப்பத்தேழு வருஷமா காட்டிக்கொடுத்தவன்னு பேரு. இந்தத் தடவை நான்தான் சொன்னேன் அக்கா. ஒத்துக்கறேன்."

அவர் வெயிலுக்குள் நடந்து போனார். லூப்பே அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிரஹாம் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "காலி," என்றார். "ஆள் போயாச்சு."

அகோசிட்டாவின் கைப்பையில் போன் அடித்தது.

அவள் எடுத்துப் பார்த்தாள். கணவன் போய்ப் பன்னிரண்டு வருஷம். பிள்ளைகள் இல்லை. காலையில் கதவை அவளே பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சாவி விரலில் தட்டுப்பட்டது.

திரையில் 'வீடு' என்று எழுதியிருந்தது.

அது அடித்துக்கொண்டே இருந்தது.